கிடாக்காரர் கொடுத்த துண்டு

கிடாக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது தேவைப்பட்டது. மற்ற நேரமெல்லாம் ஆட்டுப்பண்ணையில் எல்லோருக்கும் அவர் கிடாக்காரர்தான். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்குக் கோபம் அடிக்கடி வந்ததால், பெற்றோர் வைத்த பெயரை அவரே கொஞ்சம் மறந்திருந்தார்.

செம்மறிக் கிடாக்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கொம்பு இரண்டு சுற்றுச் சுற்றிய பெரிய கிடாவை ஒரே கையால் தாடையைப் பிடித்து நிறுத்திவிடுவார். இன்னொரு கையில் பீடி புகையும். வேறு யாராவது வேலி தாண்டினால் அந்தக் கிடா முழங்காலைப் பார்த்து முட்டும். அப்படி முட்டுப்பட்டு நொண்டியவர்கள் பண்ணையில் மூன்று பேர். கொம்புள்ள எதற்கும் பயப்படாத இந்த மனிதர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரைக் கண்டாலும் நடுங்குவார். வீட்டில் மேசை கிடையாது. அங்கே அவர் பயமில்லாமல் இருந்தார்.

மனைவிக்குப் பெட்டைக் கொட்டகையில் வேலை. அவர் நிரந்தரப் பணியாளர், அவள் தினக்கூலி. திருமணமாகி வந்த மறுமாதம் சேர்ந்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் தினக்கூலியாகவே இருந்தாள். ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். அந்த வருடம்தான் பண்ணையின் கால்நடை மருத்துவரான டாக்டரம்மா வாய்திறந்து வாக்குக் கொடுத்தார்.

"இந்தப் பருவம் நல்லபடியா முடியட்டும். பெட்டைக் கொட்டகைக்கு ஒரு நிரந்தர இடம் வருது. அது உனக்குத்தான்."

அவள் அதைக் கணவரிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "உப்பு கம்மி" என்றார்.

அந்தப் பருவத்தில் டாக்டரம்மா ஒரு புதுச் சோதனை செய்ய நினைத்தார். பெட்டை ஆடு வருடம் முழுவதும் பருவத்துக்கு வருவதில்லை. பகல் நீளும் மாதங்களில் அதன் மூளை வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து, சூலகத்துக்கு விடுமுறை கொடுத்துவிடும். கருமுட்டை வெளியே வராது. கிடா வந்து நின்றாலும் பெட்டை புல்லைத்தான் பார்க்கும். இந்த விடுமுறையைக் கெடுக்க மனிதர்கள் ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். மருந்தில் நனைத்த ஸ்பாஞ்சைச் சில நாள் ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைத்து எடுத்து, பிறகு ஓர் ஊசி போட்டால் சூலகம் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். முந்தின வருடம் ஊசியின் அளவு கொஞ்சம் கூடிப்போனது. சூலகம் விழித்தது மட்டுமல்ல, வாரி வழங்கிவிட்டது. ஓர் ஆட்டுக்கு மூன்று, நான்கு என்று குட்டிகள் விழுந்தன. ஆட்டுக்கு இருப்பது இரண்டு காம்பு. காம்பு கிடைக்காத குட்டிகளைக் கூடையில் அள்ளிக் குழிக்குக் கொண்டுபோனவள் கிடாக்காரர் மனைவி. பிறப்பு விகிதம் உயர்ந்ததற்காக டாக்டரம்மாவுக்குப் பாராட்டு வந்தது. இறப்பு விகிதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் டாக்டரம்மா அதைத் தானே கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல.

எனவே இந்த வருடம் ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்து, வேலையாட்களை மருந்து அறையில் கூட்டி வைத்துப் பேசினார்.

"கிடாவோட தோல்லயும் ரோமத்துலயும் ஒரு பிசுக்கு இருக்கில்ல, அந்த வாசனை பெட்டையோட மூக்குல ஏறினா மூளைக்குப் போகும். மூளை ஒரு சுரப்பியைத் தட்டும். சுரப்பி ஹார்மோனைக் கொட்டும். சூலகம் முழிச்சு முட்டையை விடும். ஊசியில்லாம, ஸ்பாஞ்ச் இல்லாம. ஆனா ஒரு நிபந்தனை. தினம் மோந்துட்டே இருந்தா வேலைக்காகாது. பல வாரம் வாசனையே படாம வெச்சிருந்து, ஒரு நாள் திடீர்னு கிடாவை உள்ள விடணும். அப்பத்தான் எல்லாம் ஒண்ணா பருவத்துக்கு வரும்."

ஸ்டோர்காரர் கையைத் தூக்கினார். "அதாவது கல்யாணமாகி நாளாயிட்டா வேலைக்காகாதுன்னு சொல்றீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கிடாக்காரரும் மனைவியும் சிரிக்கவில்லை. அதனால் மற்றவர்கள் இன்னொரு முறை சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் டாக்டரம்மாவுக்கு ஒன்றை நினைவூட்டியது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லயா இருக்கீங்க?"

"புருஷன் பொண்டாட்டிங்கம்மா" என்றார் கிடாக்காரர், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"அது தெரியும். ராத்திரி முழுக்க உன் பக்கத்துல படுத்துட்டு காலையில இவ பெட்டைக் கொட்டகைக்குப் போனா, கிடாவே போன மாதிரிதானே?"

இதற்கு ஸ்டோர்காரர் சொன்ன பதிலை எழுத வேண்டாம்.

அன்றே கிடாக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிடாக் கொட்டகையின் தீவன அறைக்குக் குடிபோனார். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கும் அப்பால். காற்று அங்கிருந்து இந்தப் பக்கம் வீசாது என்பதை டாக்டரம்மா ஒரு நூலைப் பிடித்து நின்று பார்த்து உறுதி செய்திருந்தார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. அவர் துணி அவள் துணியோடு சேரக் கூடாது. சாப்பாட்டை வாட்ச்மேன் கொண்டுபோய்க் கொடுப்பார்.

இருவருக்கும் மகிழ்ச்சிதான். குறட்டை, உப்பு, சன்னலைத் திறப்பது மூடுவது என்று வருடக்கணக்காக நடந்த வழக்குகள் ஒரே நாளில் தள்ளுபடியாயின. அவள் கட்டிலின் நடுவில் படுத்தாள். அவர் தீவன அறையில் வாயைத் திறந்து தூங்கினார். சில நாள் கழித்து அவருக்கு ஏதோ குறைந்தது. என்ன என்று யோசித்துப் பார்த்தார், வசவுதான். காலையிலிருந்து இரவுவரை யாரும் அவரைத் திட்டவில்லை. கிடாக்கள் முட்டத்தான் செய்யும், திட்டாது. பக்கத்தில் இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றாத மனைவி, போகாதே என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னதும் அவருக்கு அழகாகத் தெரிய ஆரம்பித்தாள். கிடா வாசனைக்கு ஆடுகளைத் தயார் செய்ய வகுத்த திட்டம், முதலில் கிடாக்காரர்மேல்தான் பலித்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டரம்மா தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுவார். வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்து வேறு உலகம் போய்விடுவார். அந்த நேரத்தில் கிடாக்காரர் மேட்டைச் சுற்றிக்கொண்டு பெட்டைக் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தார்.

அவர் பொறுப்பில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. வருவதற்கு முன் குளம்பு கழுவ வைத்திருக்கும் கிருமிநாசினியால் தோல் எரியும்வரை தேய்த்துக் குளித்தார். நகத்துக்குள் குச்சி விட்டுச் சுரண்டினார். துவைத்த சட்டை, துவைத்த வேட்டி, துவைத்த துண்டு. டாக்டரம்மாவே முகர்ந்து பார்த்திருந்தால்கூட மருந்துக்கடை வாசனைதான் அடித்திருக்கும். துவைத்த துணிகளை அவர் எங்கே காயப்போட்டார் என்பதுதான் கேள்வி. கிடாக் கொட்டகையில் கொடி கிடையாது. வேலியின் மேல்கட்டைதான் கொடி. அந்தக் கட்டையில்தான் கிடாக்கள் காலையிலும் மாலையிலும் கழுத்தையும் கொம்படியையும் தேய்த்துச் சொறிந்துகொள்ளும். வருடக்கணக்கான பிசுக்கு ஏறி அந்தக் கட்டை எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதன்மேல் துணியைப் போட்டு, வெயிலில் நன்றாகக் காய வைத்து, உதறி மடித்து எடுத்து வந்தார். அவருடைய மூக்குக்கு அது வாசனையே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிட்டிருந்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் மனைவி. "யாராவது பாத்தா என் வேலை போயிடும்."

"சும்மாத்தான்."

"சும்மா வர்றதுக்கு இதென்ன சந்தையா?"

"நல்லா இருக்கியான்னு பாக்க வந்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "குடிச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப உடம்பு சரியில்லையா?"

மறுபடியும் வந்தார். ஒரு முறை அவள் தொட்டியடியில் நின்று வியர்வையைப் புறங்கையால் துடைப்பதைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "வெயிலு மண்டையைப் பொளக்குது. தலையில கட்டிக்க."

கல்யாணத்துக்குப் பிறகு கேட்காமலே அவர் அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அதுதான். அவள் வாங்கிக்கொண்டாள். "பழசு" என்றாள். ஆனால் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் கட்டிக்கொண்டாள்.

பெட்டைகள் அவளை மொய்க்க ஆரம்பித்தன. குனிந்து தீவனம் போட்டால் மூக்கை அவள் தலைக்கு நீட்டின. நடந்தால் பின்னாலேயே வந்தன. "பாரு, புள்ளைங்க மாதிரி சுத்திச் சுத்தி வருதுங்க" என்று வாட்ச்மேனிடம் பெருமைப்பட்டாள். பாசம் என்று நினைத்தாள். ஒருவகையில் பாசம்தான்; அவள்மேல் இல்லை.

கிடாக்களை உள்ளே விடும் நாளுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் நேரில் வந்தார். நாற்காலிகள் போடப்பட்டன. டாக்டரம்மா கையில் ஒலிபெருக்கி வேறு. கிடாக்காரர் பெரிய கிடாவை இழுத்து வந்து வாசலில் விட்டார். அது தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, கம்பீரமாக உள்ளே போனது.

பெட்டைகள் ஒரு பார்வை பார்த்தன. பிறகு தீவனத் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டன.

"இன்னும் சில நாள் ஆகும் சார்" என்றார் டாக்டரம்மா. சில நாள் ஆயிற்று. பல நாளும் ஆயிற்று. அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகச் சில பெட்டைகள் பருவத்துக்கு வந்தன. மற்றவை கிடாவைப் பழைய சொந்தக்காரரைப் போல நடத்தின. ரத்தம் எடுத்து ஹார்மோனை அளந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கிடா வருவதற்கு வெகு முன்பே பல பெட்டைகளின் சூலகம் ஒரு முறை விழித்து, முட்டையை விட்டு, மறுபடியும் உறங்கப் போயிருந்தது. முதல் முறை முட்டை வரும்போது பெட்டை வெளியே எந்த அடையாளமும் காட்டாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"யாரோ வாசனையை உள்ள கொண்டு வந்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா. நேராகப் பெட்டைக் கொட்டகைக்கு நடந்தார். அங்கே கிடாக்காரர் மனைவி ஆடுகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். ஒரு பெட்டை அவள் முதுகில் முன்கால் வைத்து ஏறி, தலைத்துண்டை முகர்ந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா துண்டை உருவி மூக்கில் வைத்தார். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

முதலில் கிடாக்காரரைத்தான் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா, பக்கத்தில் இயக்குநர். மேசைமேல் துண்டு.

"இது யாருது?"

"என்னுதுங்க."

"பெட்டைக் கொட்டகைக்கு எப்படிப் போச்சு? நீ போனியா?"

பெரிய கிடாவின் முன் ஒரு நாளும் பின்வாங்காதவர், மேசையின் விளிம்பைப் பார்த்தார். "நான் போகலைங்க. அவ வந்து எடுத்துட்டுப் போயிட்டா."

"கேக்காமலா?"

"அவ எதைங்க கேட்டு எடுத்திருக்கா?"

இயக்குநர் சிரித்தார். வீட்டுக்காரியைப் பற்றிய நகைச்சுவைக்குச் சிரிக்காத அதிகாரி கிடையாது. அந்தச் சிரிப்பில் கிடாக்காரருக்கு உயிர் வந்தது.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். "உன் புருஷன் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றார் டாக்டரம்மா.

அவள் கணவரைப் பார்த்தாள். சொல்லிவிட்டார் என்றால் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அவருக்கு அவ்வளவு தைரியமா என்று அவள் முகத்தில் ஒரு வியப்புக்கூட வந்தது.

"ஆமாங்கம்மா. வெயில் தாங்கலை. தப்புத்தான்" என்றாள்.

"கிடாக் கொட்டகைக்குள்ள போய்த் திருடறதுக்கு வெயில்தான் காரணமா?" என்றார் இயக்குநர்.

அவள் வாயைத் திறந்தாள். கிடாக்காரர் சுவரில் இருந்த பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பருவத்துக்கு வராத பெட்டைகளை அந்த வாரமே லாரியில் ஏற்றினார்கள். பண்ணையில் அதுதான் வழக்கம். லாரி எங்கே போகும் என்று கேட்பதில்லை. கிடாக்காரர் மனைவியை லாரியில் ஏற்றவில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

கிடாக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"யோசிச்சுப் பாரு" என்றார் அவர், நிதானமாக. யோசித்து வைத்திருந்தார். "என் வேலை போனா வீடும் போகும். பண்ணை குடுத்த வீடு, என் பேர்ல இருக்கு. உன்னோடது கூலி வேலைதானே? போனா போகட்டும். ரெண்டும் போறதுக்கு ஒண்ணு போனா பரவால்ல."

"இந்த வருஷம் நிரந்தரம் ஆகுறதா இருந்துச்சு."

"இருந்துச்சு. ஆகலையே."

அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. பண்ணையில் யாரைக் கேட்டாலும் அவர் செய்தது புத்திசாலித்தனம் என்றார்கள். ஸ்டோர்காரர் மட்டும், "துண்டைத் திருடினவளுக்கு இந்தத் தண்டனைன்னா வேட்டியைத் திருடியிருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பெட்டைக் கொட்டகை வேலைக்கு ஸ்டோர்காரருடைய கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள்.

அடுத்த பருவம் வந்தது. டாக்டரம்மா வாசனை வழியைக் கைவிட்டு மறுபடியும் ஸ்பாஞ்சுக்கும் ஊசிக்கும் திரும்பினார், அளவைக் குறைத்து. கிடாக்காரரை வழியில் நிறுத்தினார்.

"இனிமே வாசனை வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். மருந்துதான் எல்லாத்தையும் பாத்துக்கும். உன் வீட்டுக்காரியை வரச் சொல்லு. ஸ்பாஞ்ச் வைக்கக் கை பழகின ஆள் வேணும். அந்த நிரந்தர இடத்துக்கும் இந்த மாசம் ஆளைச் சொல்லணும்."

கிடாக்காரர் வீடு வரும்வரை அதை யோசித்தார். மனைவி வீட்டிலேயே இருந்த அந்த வருடத்தில் மதியச் சோறு சூடாகக் கிடைத்தது. துணியெல்லாம் வீட்டுக் கொடியில் காய்ந்தது. வீட்டில் சத்தமே இல்லை. அவள் அவரைத் திட்டுவதை விட்டிருந்தாள். தீவன அறையில் எந்த வசவுக்காக ஏங்கினாரோ, அது இல்லாததே இப்போது வசதியாக இருந்தது. உப்புகூடச் சரியாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம், "அவளுக்கு உடம்பு முடியலைங்கம்மா. வரலைங்கறா" என்றார்.

சில வாரங்கள் கழித்து, பண்ணை வாசலில் விறகுச் சுமையோடு நின்ற அவளைப் பார்த்து டாக்டரம்மா வண்டியை நிறுத்தினார்.

"உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"என் உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

கேள்விக்கு மேல் கேள்வியாக விஷயம் வெளியே வந்தது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "அந்த இடத்தை ஸ்டோர்காரர் கொழுந்தியாளுக்குப் போட்டாச்சே. உத்தரவும் வந்துடுச்சு. நீ வரமாட்டேன்னு உன் புருஷன்தான்..."

அவள் சுமையைக் கீழே போட்டாள். "அம்மா, அந்தத் துண்டை நான் எடுக்கலை. அவர்தான் வந்து கொடுத்தார். என் தலையில வெயில் படுதுன்னு அவர்தான் கொடுத்தார்."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா.

அவளுக்குப் புரியவில்லை.

"கிடாக் கொட்டகைக்குள்ள அவனைத் தவிர யார் போக முடியும்? அந்தக் கிடா உன்னை விட்டிருக்குமா? அன்னைக்கே தெரியும்." டாக்டரம்மாவின் குரல் கனிவாகத்தான் இருந்தது. "ஆனா அவனை அனுப்பினா அந்தக் கிடாவை யார் பிடிப்பா? சொல்லு. பெட்டைக் கொட்டகைக்கு யாரை வேணா போடலாம்." வண்டியைக் கிளப்பிவிட்டு ஒன்று சேர்த்துக்கொண்டார். "கூலிக்கு வேணும்னா நாளைக்கே வா. அந்தப் பொண்ணுக்குக் கை இன்னும் பழகலை."

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள். "டாக்டரம்மா என்னை வரச் சொன்னாங்களாமே?"

கிடாக்காரர் கவளத்தை விழுங்கினார். "நீ வெயில்ல கஷ்டப்படறதை இன்னொரு தரம் என்னால பாக்க முடியாது" என்றார். சொன்ன கணத்தில் அதை அவரே நம்பினார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

காலையில் அவர் எழுந்தபோது அவள் இல்லை. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

பெட்டைக் கொட்டகையில் நிரந்தரப் பணியாளர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பாஞ்சின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தினக்கூலி ஆட்டின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நல்லாப் பிடிங்க, உதைக்குது" என்றாள் நிரந்தரம். "மெதுவா இழு, அதுக்கு வலிக்குது" என்றாள் தினக்கூலி. ஊசியும் போட்டார்கள். இரண்டாம் நாள் இயக்குநர் மறுபடியும் வந்தார். நாற்காலிகள் மறுபடியும் போடப்பட்டன.

கிடாக்காரர் பெரிய கிடாவைக் கொண்டு வந்தார். "ஏய், கதவைத் திற" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். அவள் திறந்தாள்.

பெட்டைகள் தீவனத்தை விட்டுவிட்டு ஓடி வந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடாவின் கழுத்தடியில் மூக்கை நுழைத்தன. வாலை ஆட்டின. இயக்குநர் கைதட்டினார். மருந்துக்குச் சேர வேண்டிய கைதட்டலுக்கு டாக்டரம்மா கிடாவின் பக்கம் கைகாட்டிவிட, இயக்குநர் கிடாக்காரரின் தோளில் தட்டினார். "கிடாவை நல்லாத் தயார் பண்ணியிருக்கய்யா."

கிடாக்காரர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி, கதவோடு ஒட்டி நின்ற மனைவியிடம் வந்தார். "பாத்தியா?" என்றார்.

அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க. நாறுது."

சாயங்காலம் டீக்கடையில் கிடாக்காரர் இதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னார். அவள் மூக்கைப் பொத்தியதை நடித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார். வீட்டுக்குப் போக அவருக்கு அவசரம் இல்லை.